என்ன மிஞ்சியது?

ஆண்டின் பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
(1 அரசர் 17:10-16, எபிரேயர் 9:24-28, மாற்கு 12:38-44)
10.11.2024 அன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை



இந்த ஞாயிறன்று திருஅவை இரண்டு ஏழைக் கைம்பெண்களை நம் முன் நிறுத்துகிறது. ஒருவர் சாரிபாத்து ஊர்க்காரர். மற்றவர் எருசலேம் கோவிலில் காணிக்கைப் பெட்டியின் அருகே வந்தவர். இருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. ஒருவர் வீட்டில் கடைசி வேளைக்கான மாவும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தன. மற்றவர் கையில் இரண்டு செப்புக்காசுகள் இருந்தன. இருவரும் அதையும் கொடுத்துவிட்டார்கள்.

இவர்களுடைய தாராள மனத்தைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அதற்கு முந்திய கேள்வி ஒன்றைக் கேட்போம். இவர்கள் இந்த நிலைக்கு ஏன் வந்தார்கள்? அந்த இழப்பை யார், எந்தக் கணக்கில் எழுதினார்கள்? நாளை, நவம்பர் 11ஆம் நாள், அசர்பைஜான் நாட்டின் பாகு நகரில் ஐ.நா.வின் காலநிலை மாநாடு தொடங்குகிறது. காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கு யார் பணம் தருவது, எவ்வளவு தருவது என்பதுதான் அங்கே முதன்மையான விவாதம். அந்த மேசையில் வைக்கவேண்டிய கேள்விகளை இன்றைய வாசகங்கள் எழுப்புகின்றன.

முதல் வாசகத்தைப் பாருங்கள். மழை ஏன் நின்றது? இஸ்ரயேலின் அரசன் ஆகாபு ஆண்டவரை விட்டு விலகி, பாகாலுக்குப் பலிபீடம் கட்டினான். அந்தக் குற்றத்தை முன்னிட்டு மழை பெய்யாது என்று எலியா அறிவித்தார். ஆனால் சாரிபாத்து இஸ்ரயேலில் இல்லை. அது சீதோன் நாட்டுப் பகுதி. அந்தக் கைம்பெண் ஆகாபின் குடிமகள் அல்லர். அவர் எந்தப் பலிபீடத்தையும் கட்டவில்லை. வேறொரு நாட்டின் அரண்மனையில் நடந்த தவற்றுக்கு இவருடைய மாவுப் பானை காலியாகிறது. தானும் மகனும் கடைசியாக ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

அதே பஞ்சத்தில் அரசன் என்ன செய்தான் தெரியுமா? அடுத்த அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தன் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்துவிடக் கூடாது என்று புல் தேடிப் புறப்படுகிறான். ஒரே வறட்சிதான். ஒருவருக்கு அது பெற்ற பிள்ளையின் உயிர், இன்னொருவருக்குக் குதிரைத் தீவனம்.

அன்புக்குரியவர்களே, இது பழங்கதை அல்ல. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10ஆம் நாள் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஊரே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கோடையில் உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. விதைத்தது முளைக்கவில்லை, மாட்டுக்குத் தீவனமும் இல்லை. கூலிக்கு ஆள் கூப்பிடவும் யாருமில்லை.

நம் பழங்காநத்தத்தின் பக்கத்திலேயே மாடக்குளம் கண்மாய் இருக்கிறது. கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நம் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் ஏறும். கண்மாய் காய்ந்தால் லாரித் தண்ணீரும் குடத் தண்ணீரும்தான். குடம் குடமாக விலைக்கு வாங்குகிறவர், லாரி வைத்துத் தொட்டியில் இறக்குகிறவரைவிட லிட்டருக்கு அதிக விலை கொடுக்கிறார். வாங்க முடிந்தது குறைவு, கொடுத்த விலை கூடுதல். இதுவும் வறட்சியின் செலவுதான். ஆனால் எந்த அரசு அறிக்கையிலும் இது வராது.

வறட்சி ஒரு முகம் என்றால் வெள்ளம் மறு முகம். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தை ஏந்திக்கொள்ளும். நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரித்து எரித்து, உலகத்தின் சராசரி வெப்பத்தைத் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஒரு டிகிரிக்கும் மேலாக நாம் உயர்த்திவிட்டோம். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு புயலுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், பொய்த்தால் ஒரேயடியாகப் பொய்ப்பதும் வழக்கமாகி வருவதற்கு இது காரணம் என்று அறிவியலார் தெளிவாகவே சொல்கிறார்கள்.

கடந்த அக்டோபர் 25ஆம் நாள் மதுரையில் சில மணி நேரத்தில் பெய்த மழையை நாம் கண்டோம். செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குத் தண்ணீர் வடிய, ஏறத்தாழ 12 கோடி ரூபாயில் சிமெண்ட் கால்வாய் கட்டப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. நல்லது. கால்வாய்க்கு மதிப்பீடு போடலாம். நனைந்துபோன தையல் மிஷினுக்கும், மாவு அரைத்து விற்கும் கிரைண்டருக்கும், பிள்ளையின் பள்ளிப் புத்தகத்துக்கும் யார் மதிப்பீடு போடுகிறார்கள்?

இங்கேதான் நற்செய்தி வாசகம் நமக்குக் கண்ணைத் திறக்கிறது. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, மக்கள் பணம் போடுவதைக் கவனித்துப் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். செல்வர்கள் மிகுதியாகப் போட்டார்கள். கோவில் கணக்கர் எழுதினால் அந்தப் பெரிய தொகைகளைத்தான் எழுதுவார். இயேசு கணக்குப் பார்த்த விதமே வேறு. போட்டது எவ்வளவு என்று பார்க்காமல், போட்ட பிறகு கையில் மிஞ்சியது என்ன என்று பார்த்தார். செல்வரிடம் மிச்சம் இருந்தது. கைம்பெண்ணிடம் ஒன்றும் இல்லை. அவர் போட்டதைக் குறிக்க மாற்கு ஆளும் கிரேக்கச் சொல் 'பியோஸ்'. அதற்கு உயிர்வாழ்வு என்றும் பொருள், வாழ வழியாக இருக்கும் வருமானம் என்றும் பொருள். நம் தமிழில் 'பிழைப்பு' என்கிறோமே, அதே இரட்டைப் பொருள். அந்தப் பெண் பெட்டியில் போட்டது காசை அல்ல, தன் பிழைப்பை.

இயேசுவின் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றிப் பார்ப்போம்.

2021 சூலையில் ஜெர்மனியில் ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறங்களிலும் பெருவெள்ளம் வந்தது. 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும் துயரம் அது. ஜெர்மனி தன் சொந்தப் பணத்திலேயே 3,000 கோடி யூரோ மதிப்பில் மறுகட்டமைப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தியது. மறு ஆண்டு, 2022இல், பாகிஸ்தானில் வெள்ளம் வந்தது. 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் வருமான இழப்புமாக 3,000 கோடி டாலர் என்று உலக வங்கியும் மற்ற அமைப்புகளும் மதிப்பிட்டன. தொகையை மட்டும் பார்த்தால் இரண்டு வெள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் 2023 சனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் பாகிஸ்தானுக்குத் தருவதாகச் சொன்ன 900 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில் பெரும்பகுதி கடன். உலகம் வெளியிடும் கரியமிலவாயுவில் பாகிஸ்தானின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டைப் பறிகொடுத்தவர் கையில் வட்டிப் பத்திரத்தைக் கொடுத்தது போன்றது இது.

செல்வ நாட்டிலும் எளியவரின் நிலை இதுதான். அதே ஜெர்மன் வெள்ளத்தில் சின்சிக் என்ற ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த 12 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். எந்த நாட்டில் வெள்ளம் வந்தாலும், ஓட முடியாதவரைத்தான் அது முதலில் எட்டுகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. புதிதாக நட்ட கன்று காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை தோப்புக்காரர் என்ன செய்வார்? அவராவது மரத்தை எண்ணிக் காட்டினார். அந்தத் தோப்பில் காய் வெட்டியவரும், மட்டை உரித்தவரும், கீற்று முடைந்த பெண்களும் எதை எண்ணிக் காட்டுவார்கள்? அவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை. விழுந்ததோ அவர்களுடைய பிழைப்பு.

கடந்த ஆண்டு திசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட இது அதிகம். அதற்கு இரு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. இந்த இரண்டு பேரிடருக்குமாகத் தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசிடம் கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய். தொகை எவ்வளவு கிடைத்தாலும், அது பட்டாவும் வங்கிக் கணக்கும் உள்ளவரிடம் போய்ச் சேருவது எளிது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர், உப்பளத்தில் நாள்கூலிக்கு உப்பு வாருகிறவர், பொறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் ஆகியோர் கணக்கின் ஓரத்திலேயே நிற்கிறார்கள்.

வெள்ளமும் புயலும் கண்ணுக்குத் தெரியும். வெயில் அப்படியல்ல, சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. சித்திரை வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது நமக்குப் புதிதில்லை. கொத்தனார், சித்தாள், தார்ச்சாலை போடுகிறவர், தள்ளுவண்டிக்காரர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர் ஆகியோருக்கு வெயில் என்பது சம்பளப் பிரச்சினை. பகல் பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்தினால் அரைநாள் கூலி போகும். நிறுத்தாவிட்டால் உடம்பு போகும். பன்னாட்டுத் தொழில் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, 2030ஆம் ஆண்டில் வெப்பத்தால் உலகம் இழக்கும் வேலைநேரம் 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமமாக இருக்கும் என்றது. இந்தியாவின் பங்கு மட்டும் 3 கோடியே 40 லட்சம். உழவும் கட்டட வேலையுமே அதிகம் இழக்கும். சென்ற மாதம் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டிருக்கிறது. வரவேற்போம். ஆனால் சாகாமல் தினம் தினம் அரைக்கூலியை இழக்கிறவருக்கு இன்னும் கணக்கே தொடங்கவில்லை.

அன்புக்குரியவர்களே, இந்த இழப்பெல்லாம் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று நம் பங்குகளில் வீடு சந்திக்கிற எல்லாருக்கும் தெரியும். கடனில் நிற்கிறது. வேலை இல்லாத வாரத்திலும் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பார். முதலில் தோடு அடகுக்குப் போகும். பிறகு பிள்ளையின் படிப்பு நிற்கும். கைம்பெண்ணைப் பற்றிச் சொல்வதற்குச் சற்று முன், இயேசு யாரைக் கண்டித்தார்? நீண்ட அங்கி அணிந்து, முதலிடம் தேடி, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களைக் கண்டித்தார். இந்த இரண்டு பகுதிகளையும் மாற்கு தற்செயலாக அடுத்தடுத்து வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையில் ஏன் இரண்டே காசு இருந்தது என்பதற்கான விடை முந்திய வரிகளில் இருக்கிறது. ஆகவே, ஏழை கொடுத்ததைப் புகழ்ந்துவிட்டு, அவரை ஏழையாக்கியதைப் பேசாமல் விட்டால், நாம் நற்செய்தியில் பாதியைத்தான் அறிவிக்கிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டிருக்கின்றன என்று கற்பித்தார். 2023 அக்டோபர் 4ஆம் நாள் 'லவுதாத்தே தேயும்' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் அந்த எச்சரிக்கையை இன்னும் அழுத்தமாகச் சொன்னார். வரவிருக்கும் 2025 யூபிலி ஆண்டுக்கான அறிவிப்பிலும், ஏழை நாடுகளின் கடனை மன்னிப்பது நீதியின் கடமை என்கிறார். கவனியுங்கள், கடன் என்ற சொல்லை அவர் திருப்பிப் போடுகிறார். கடன்பட்டவர் என்று நாம் நினைத்திருந்தவர்தான் உண்மையில் கடன் கொடுத்தவர். செல்வ நாடுகள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020க்குள் திரட்டித் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் சொல்லிவிட்டு, 2022இல்தான் அந்த அளவை எட்டின. அதிலும் பெரும்பகுதி கடன்தான். இழப்புக்கும் சேதத்துக்குமான தனி நிதிக்கு 2022இல் எகிப்தில் ஒப்புக்கொண்டார்கள். பாகுவில் கூடுகிறவர்கள் அதைத் தருமமாகப் பேசாமல் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடனாகப் பேச வேண்டும் என்று மன்றாடுவோம்.

ஆனால் ஆகாபு வெளிநாட்டில் மட்டும் இருக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் ஒருவர் சராசரியாக வெளியிடும் புகை உலகச் சராசரியைவிடக் குறைவு என்பது உண்மை. அந்தச் சராசரிக்குள் குளிரூட்டிய வீட்டில் இருப்பவரும், தகரக் கூரைக்குக் கீழே புழுங்குகிறவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். கண்மாயின் வரத்து வாய்க்காலை அடைத்து வீடு கட்டியது அமெரிக்காக்காரர் அல்லர். வைகை மணலை அள்ளியது ஜெர்மன்காரர் அல்லர். நம் குதிரைகளுக்குப் புல் தேடும்போது யாருடைய பானை காலியாகிறது என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்? மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நம் கோவில் வேலை, பள்ளி வேலை, வீட்டு வேலை எதுவானாலும், கோடையில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு நிறுத்துவோம். முழுக் கூலியையும் கொடுப்போம். பகலின் வெயிலைத் தாங்கியவருக்கும் கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரரைப் பற்றி மறையுரை வைத்துவிட்டு, வாசலில் நிற்கும் சித்தாளுக்கு அரைக்கூலி கொடுக்க முடியாது.

இரண்டாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவின் இழப்பை எழுதிவைக்கட்டும். மழையில் எந்த வீட்டில் தண்ணீர் ஏறியது, யாருக்கு எத்தனை நாள் வேலை போனது, யார் வட்டிக்கு வாங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சாதி, சமயம் பார்க்காமல் எழுதுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாதவரைப் பதிய வையுங்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவருக்காக மனு எழுதுங்கள். நம் வின்சென்ட் தே பவுல் சபையின் உதவி முதலில் தவணைக்காரர் நிற்கும் வாசலுக்குப் போகட்டும்.

மூன்றாவது, மாடக்குளம் கண்மாயும் அதன் வாய்க்கால்களும் நம் பொறுப்பு. குப்பை கொட்டாமல் இருப்பதில் தொடங்கி, ஆக்கிரமிப்பைப் பற்றிக் கிராம மக்களோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து பேசுவது வரை அது நீளும்.

இது பெரிய காரியமா என்று கேட்கலாம். ஒக்கி புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதல் திருவனந்தபுரம் கடற்கரை வரை, கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்ற இடமில்லாத தாய்மார், இறந்தோரை நினைக்கும் இந்த நவம்பர் மாதத்தில் கடலைப் பார்த்துச் செபிக்கிறார்கள். ஒன்பது மாதம்கூட முடியாத நிலையில், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அந்தத் திருவனந்தபுரம் கரையிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்பின் தெரியாதவர்களை வீட்டுக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள். படகுதான் அவர்களுடைய பிழைப்பு. அதையே கொண்டுபோனார்கள்.

சாரிபாத்தில் களஞ்சியம் ஒன்றும் நிரம்பிவிடவில்லை. பானையில் மாவு தீரவில்லை, அவ்வளவுதான். அன்றன்றைய உணவு கிடைத்தது. மழை திரும்பும்வரை ஒரு வீட்டில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். இல்லாதவரே பகிர்ந்து அந்த வீட்டைக் காப்பாற்ற முடிந்தது என்றால், மிச்சம் வைத்திருக்கிற நாம் எவ்வளவு செய்யலாம்!

ஆண்டவரே, காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த உம் கண்களை எங்களுக்குத் தாரும். நாளை பாகுவில் கூடுகிறவர்களுக்கும், எங்கள் ஊரை ஆளுகிறவர்களுக்கும், கூலி கொடுக்கிற எங்களுக்கும் அந்தப் பார்வையைத் தாரும். இந்தப் பருவமழை கண்மாய்களை நிரப்பட்டும், வீடுகளை விட்டுவைக்கட்டும். கடலில் மறைந்த எம் சகோதரர்களுக்கு நிலையான இளைப்பாற்றியை அருளும். ஆமென்.